பைலட் மறந்தார், சரி. ஹாரன் ஏன் ஒலிக்கவில்லை?

2008 ஆகஸ்ட் 20. மாட்ரிட் பராஹாஸ் விமான நிலையத்திலிருந்து கிரான் கனாரியாவுக்குக் கிளம்பிய ஸ்பான்ஏர் 5022 விமானம் சுமார் 40 அடிதான் எழும்பியது. 172 பேரில் 154 பேர் இறந்தார்கள். இன்றும் பேச்சு வந்தால் "பைலட் ஃபிளாப் போட மறந்துட்டார்" என்று முடித்துவிடுகிறார்கள். அது பாதிக் கதைதான்.

ஃபிளாப் என்பது இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கி தூக்குவிசையைக் கூட்டும் தகடு. அது 11 டிகிரி இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. அதே வேலையைச் செய்யும் முன்விளிம்புத் தகடான ஸ்லாட்டும் நீளவில்லை. அந்த நிலையில் வழக்கமான வேகத்தில் மூக்கைத் தூக்கினால் தூக்குவிசை போதாது, இறக்கை ஸ்டால் ஆகும், அதாவது விமானத்தைத் தாங்க முடியாமல் போகும். செக்லிஸ்டில் ஃபிளாப் வரி வரும் நேரத்தில் கேப்டன் குறுக்கிட்டு டாக்ஸி அனுமதி கேட்கச் சொன்னார். கடைசிச் சரிபார்ப்பில் துணை விமானி, கருவியைப் பார்க்காமல் எண்களை ஒப்பித்திருக்கிறார்.

மனிதன் இப்படி மறப்பான் என்று தெரிந்துதான் எம்டி-82 என்ற அந்த ரக விமானத்தில் எச்சரிக்கை ஹாரன் வைத்தார்கள். ஃபிளாப் இல்லாமல் எஞ்சின் விசையைக் கூட்டும் நெம்புகோலான த்ராட்டிலைத் தள்ளினால் அலற வேண்டும். அன்று அது வாயே திறக்கவில்லை.

என்னை இன்னும் உறுத்துவது அதற்கு முந்தைய ஒரு மணி நேரம். வெளிக்காற்று வெப்பநிலை சென்சார் தரையிலேயே 104 டிகிரி செல்சியஸ் காட்டியதால் விமானம் திரும்பி வந்தது. அதில் பனி உறையாமல் காக்கும் ஹீட்டர் வானில் மட்டுமே ஓட வேண்டியது. பனி உறையும் வானிலை இல்லை, விதி அனுமதிக்கிறது என்று ஹீட்டரின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்து மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு அனுப்பினார்கள். தரையில் ஹீட்டர் ஏன் ஓடியது என்ற கேள்விக்குள் யாரும் போகவில்லை. விமானம் தரையிலா வானிலா என்று ஹீட்டருக்குச் சொல்வது ஆர்2-5 என்ற ரிலே, அதாவது ஒரு மின் சுவிட்ச். ஹாரனுக்கும் அதே ரிலேதான். வானில் இருப்பதாக அது நினைத்தால் ஹாரன் தானே அடங்கிவிடும். ரிலேதான் காரணம் என்று விசாரணை அறிக்கை அறுதியிடவில்லை. ஆனால் அந்த 104 டிகிரியை வெறும் சென்சார் கோளாறாக மூடியதை என்னால் ஏற்க முடியவில்லை.

இது புதிதும் அல்ல. 1987 ஆகஸ்ட் 16, டெட்ராய்ட், நார்த்வெஸ்ட் 255: அதே எம்டி-82, அதே ஃபிளாப், அதே மௌனம். தரையில் இருந்த இருவரையும் சேர்த்து 156 உயிர்கள்; தப்பியது 4 வயதுக் குழந்தை மட்டும். அதன் பிறகு, ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஹாரனைச் சோதியுங்கள் என்று தயாரிப்பாளரே பரிந்துரைத்தார். எஞ்சின் போடுமுன் த்ராட்டிலை முன்னே தள்ளி, சத்தம் வருகிறதா என்று கேட்பது, சில விநாடி வேலை. ஸ்பான்ஏர் நடைமுறையோ அதை நாளின் முதல் பயணத்துக்கு முன்பும், விமானிகள் காக்பிட்டை விட்டு வெளியேறியிருந்தால் மட்டும் இடையிலும் கேட்டது. அன்று அது இரண்டாவது பயணம்.

ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் சோதிப்பதை ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை கட்டாயமாக்கியது 2008 அக்டோபரில். பரிந்துரை உத்தரவாக 21 ஆண்டுகள்!