விதி இருந்தது, கண்காணிப்புதான் தவறியது

வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அமெரிக்க அரசு மானியம் போய்விட்டால் அந்நாட்டு உயிர்ப் பாதுகாப்பு விதி எதுவும் அங்கே செல்லாது என்று, சீனாவின் வூகான் ஆய்வகத்தை உதாரணம் காட்டிப் பலர் பகிர்கிறார்கள். கோபம் புரிகிறது, ஆனால் தகவல் சரியில்லை.

வவ்வால் கொரோனா வைரஸ் ஆய்வுக்காக எக்கோஹெல்த் அலையன்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு பெற்ற மானியத்தின் நிபந்தனைகள், அதில் ஒரு பகுதியைப் பெற்ற வூகான் வைராலஜி நிறுவனத்துக்கும் பொருந்தின. 2016-லேயே தெளிவாகச் சொல்லப்பட்ட ஒன்று: கலப்பு வைரஸ் (வெவ்வேறு வைரஸ்களின் பாகங்களை இணைத்து ஆய்வகத்தில் உருவாக்குவது) மூல வைரஸைவிட 10 மடங்குக்கு மேல் பெருகினால் சோதனையை நிறுத்திவிட்டு உடனே தெரிவிக்க வேண்டும். கோட்டைவிட்டது அமலாக்கத்தில். எக்கோஹெல்த் 2019 செப்டம்பரில் தந்திருக்க வேண்டிய ஆண்டறிக்கை 2021 ஆகஸ்டில்தான் வந்து சேர்ந்தது. இவ்வளவு ஆபத்தான வேலையில் இரண்டு வருட தாமதம் சின்ன விஷயமே இல்லை.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? அமெரிக்க சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2023 ஜனவரியில் வெளியிட்ட தணிக்கை அறிக்கையை அதன் தளத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். என்ன நிபந்தனை, எங்கே மீறல் என்று அதில் விவரமாக இருக்கிறது. அப்புறம், அதே ஆண்டு அந்தத் துறை வூகான் நிறுவனத்துக்கு 10 ஆண்டு நிதித் தடை விதித்தது. கேட்ட ஆய்வக ஆவணங்களைத் தராதது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.