மாடி ஏறாத கவிஞர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஓர் ஓவியக் கண்காட்சியை ஒட்டி உள்ளூர் எழுத்தாளர்கள் வாசிக்கும் நிகழ்ச்சிக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்த அமைப்பு என்று கேட்காதீர்கள். நாளைக்கு டீக்கடையில் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஓவியங்கள் மாடியில், வாசிப்பு கீழே அரங்கில். நான்கு மணி என்று போட்டிருந்தார்கள். பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை எல்லாம் முடிந்து முதல் கவிதை வரும்போது ஐந்தே முக்கால். பன்னிரண்டு பேர் வாசித்தார்கள். பாதிப் பேர் மாடிப் பக்கமே போகவில்லை என்பது அவர்கள் வாயைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. தூரிகை, வானவில், பேசும் மௌனம். இந்தச் சரக்கு எந்தக் கண்காட்சிக்கும் பொருந்தும். பெயின்ட் கடைத் திறப்பு விழாவுக்கும் பொருந்தும்.

படம் பார்ப்பதை எழுதுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. பரிபாடலின் 19ஆம் பாடலில் நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் காட்டுகிறார். முருகனைக் கும்பிடப் போன கூட்டம் சுவரை விட்டு நகரமாட்டேன் என்கிறது. ரதி யார், காமன் யார் என்று சிலர் கேட்கிறார்கள், பக்கத்தில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். இந்தப் பூனைதான் இந்திரன், இவள் அகலிகை, இவர் கௌதமர், அவர் கோபத்தில் இவள் கல்லானது இது என்று இன்னும் சிலர் விரல் நீட்டி விளக்குகிறார்கள். ஓவியம் அழகு என்று புலவர் உருகவில்லை. ஆட்களைப் பேசவிடுகிறார், அவ்வளவுதான். ஆனால் ‘இவள்’, ‘இது’ என்று சுட்ட வேண்டுமென்றால் படம் கண்ணெதிரே இருக்க வேண்டுமே!

அதனால்தான் சொல்கிறேன், வாசிப்பு ஓவியத்துக்கோ சிலைக்கோ எதிரிலேயே நடக்க வேண்டும். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர், அதாவது காளை வாகனச் சிவன், நிற்கிறார். ராஜராஜன் காலத்துச் செப்புத்திருமேனி, 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சடையைத் தலைப்பாகை மாதிரிச் சுற்றிக்கொண்டு, காலை மாற்றி வைத்து, காளையின் மேல் கையைச் சாய்த்திருக்கிறார். காளைதான் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கை வெறும் காற்றின் மேல் சாய்ந்திருக்கிறது, ஆனாலும் விழுந்துவிடுவார் என்று தோன்றவே தோன்றாது. அந்த ஊர்க்காரர் ஒருவர், மாடு விற்ற வீட்டிலிருந்து வந்தவர் என்று வையுங்கள், அதன் பக்கத்தில் நின்று தன் நாலு வரியைச் சொன்னால் எப்படி இருக்கும்? சுற்றி இருபது பேர் போதும். மைக் வேண்டாம். பொன்னாடை வேண்டவே வேண்டாம்.

ரோதான் நேரில் பார்த்தா எழுதினார் என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்விதான். சென்னை அருங்காட்சியகத்திலிருக்கும் திருவாலங்காட்டு நடராஜரைப் பற்றி அந்தப் பிரெஞ்சுச் சிற்பி எழுதியது புகைப்படங்களைப் பார்த்துத்தான். அவர் இறந்த பிறகு 1921இல் அது அச்சில் வந்தது. ஆனால் அவர் படத்தை வைத்துக்கொண்டு வாய், கண், கால் என்று ஒவ்வோர் உறுப்பாக நின்று நின்று பார்த்தவர். நம்மவர்களுக்கு மாடிப்படி பதினெட்டுதான். அதையும் ஏறவில்லை.

சரி, ஒருவரைச் சொல்லாமல் விட்டால் பாவம். பதினோராவதாக ஓர் அக்கா வந்தார், தாலுகா அலுவலகத்தில் வேலை பார்க்கிறவராம். கயிற்றுக் கட்டில் ஓவியம் ஒன்றைப் பற்றி எழுதியிருந்தார். ஓவியர் கட்டிலின் மூன்று காலை வரைந்து நாலாவதை வரையாமல் விட்டிருக்கிறார். அந்த இடத்தில் தன் மாமியார் செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்த கதையைச் சாதாரணப் பேச்சாகவே சொன்னார். அரங்கில் செல்போன் நோண்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

முடிந்ததும் ஏழெட்டுப் பேர் அந்தக் கட்டிலைப் பார்க்க மாடிக்கு ஓடினோம். ஆறு மணிக்கே பூட்டிவிட்டார்களாம்.