விற்றது யார், வாங்கியது யார்?

"ரஷ்யாவைக் கொள்ளைக்காரர்கள் கையில் கொடுத்தவர் கோர்பச்சேவ்தான்" என்று நேற்றும் ஒரு தோழர் சொன்னார். மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர் அவர், நானும்தான். அவருடைய வலி எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இந்தப் பழியை என்னால் ஏற்க முடியவில்லை.

சோவியத் ஒன்றியத்தின் கடைசி அதிபரான கோர்பச்சேவ் 1991 டிசம்பர் 25 அன்று பதவி விலகினார். எட்டே நாளில், ஜனவரி 2 அன்று, ரஷ்ய அதிபர் யெல்த்சினின் அரசு விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. அந்த ஒரே ஆண்டில் விலைவாசி ஏறத்தாழ 25 மடங்கு ஏறியது. ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம் கரைந்துபோனது. கடுங்குளிரில் மாஸ்கோ நடைபாதையில் கிழவிகள் வரிசையாக நின்று, கையில் ஒரு ஜோடி காலணியையோ ஒரு கோப்பையையோ ஏந்தி விற்ற படங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வியாபாரிகள் அல்லர். வீட்டில் மிச்சமிருந்ததைக் கொண்டுவந்தவர்கள். அரசு நிறுவனங்களில் பங்கு வாங்கக் குடிமக்களுக்குத் தரப்பட்ட வவுச்சர் ஒன்று இரண்டு வோல்கா கார்களுக்குச் சமமாகும் என்று, தனியார்மயத்தை நடத்திய சுபாய்ஸ் அவர்களிடம்தான் சொன்னார்.

உண்மையான சூறையாடல் 1995இல் நடந்தது. வங்கிகள் அரசுக்குக் கடன் கொடுக்கும். ஈடாக அரசு நிறுவனங்களின் பங்குகளை வைத்துக்கொள்ளும். அரசு கடனைத் திருப்பவில்லை; பங்குகள் வங்கிகளிடமே தங்கிவிட்டன. நோரில்ஸ்க் நிக்கல் என்ற பெரும் உலோக நிறுவனத்தின் பங்கு ஏலத்தை நடத்தியது தொழிலதிபர் பொத்தானினின் ஓனெக்சிம் வங்கி. எடுத்ததும் அதே தரப்பு. தொடக்க விலை 17 கோடி டாலர். முடிந்த விலை 17 கோடியே 1 லட்சம்! 35.5 கோடி தர வந்த போட்டியாளரை விதியைக் காட்டித் தள்ளிவிட்டார்கள். அப்போது கோர்பச்சேவ் எந்தப் பதவியிலும் இல்லை.

அவர்மீது குற்றமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1988இன் கூட்டுறவுச் சட்டம் தனியார் தொழிலுக்குக் கதவைத் திறந்தது. ஆலை நிர்வாகிகள் உறவினர் பெயரில் கூட்டுறவுகளைத் தொடங்கி, அரசு விலைக்கு வாங்கிச் சந்தை விலைக்கு விற்றார்கள். அவர்களைக் கூண்டில் ஏற்றும் வலுவுள்ள நீதிமன்றத்தை அவர் உருவாக்கவில்லை. 1991 ஜனவரியில் லிதுவேனியாவின் தலைநகர் வில்னியசில் சோவியத் படைகளால் 14 பேர் இறந்ததும் அவர் ஆட்சியில்தான். அதை நான் மன்னிக்கவில்லை.

ஆனால் 1986 டிசம்பரை எப்படி மறப்பது? கார்க்கி நகரில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகளாக நாடுகடத்தல் போன்ற காவலில் இருந்த, ஆட்சியை எதிர்த்துப் பேசிய இயற்பியலாளர் சகாரோவ் வீட்டுக்கு ஓர் இரவு ஆட்கள் வந்து, அவர் கேட்காமலே ஒரு தொலைபேசியைப் பொருத்திவிட்டுப் போனார்கள். மறுநாள் மணி அடித்தது. "மாஸ்கோவுக்குத் திரும்பலாம்" என்ற செய்தியைக் கோர்பச்சேவே சொன்னார். சகாரோவ் நன்றி சொன்ன கையோடு, சிறையில் இருக்கும் மற்றவர்களையும் விடுதலை செய்யச் சொன்னார். அதிபதியிடம் ஒரு குடிமகன் அப்படிப் பேச முடிந்த அந்தச் சில ஆண்டுகள்தாம் கோர்பச்சேவ் விட்டுச்சென்ற சொத்து. திருடனைத் திருடன் என்று அச்சில் எழுதும் உரிமையும் அதில் அடக்கம்.

நோபல் பரிசுப் பணத்தில் ஒரு பகுதியை நோவாயா கெஸெட்டா என்ற சுதந்திர ரஷ்ய இதழுக்குக் கணினி வாங்கக் கொடுத்தவர் அவர். 2022 செப்டம்பர் 3 அன்று அவருடைய இறுதி ஊர்வலத்தில் படத்தை ஏந்தி முன்னால் நடந்தவர் அந்த இதழின் ஆசிரியர் முராத்தோவ். புதின் வரவில்லை. இரண்டே நாளில், செப்டம்பர் 5 அன்று, மாஸ்கோ நீதிமன்றம் அந்த இதழின் அச்சு உரிமத்தை ரத்து செய்தது.