குந்துகாலில் மூணு கால்

(பாம்பன் தீவின் தென்கரை, குந்துகால். மார்கழிக் கடைசி, காலை ஏழரை. நாட்டுப்படகுக்காரர் முனியசாமி மணலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருக்கிறார். கொஞ்ச தூரத்தில் டிராயிங் மாஸ்டர் சேது: மங்கி குல்லா, ஸ்வெட்டர், கையுறை, முன்னால் மூணு கால் ஸ்டாண்டு. ஒரு கறுப்புக் குடை பறந்து வந்து வலையில் விழுகிறது. பின்னாலேயே ஸ்டாண்டும் மாஸ்டர் மேல் சாய்கிறது.)

முனியசாமி: வாத்தியாரே, வலையில குடை பட்டுருக்கு. கிலோ என்ன வெலைக்குப் போகும்?

சேது: மன்னிச்சுக்கங்கண்ணே. காத்து பிடுங்கிருச்சு.

முனியசாமி: காத்து எங்க பிடுங்குச்சு? நீங்கல்ல பாய் விரிச்சுக் குடுத்துருக்கீங்க. வாடை மூஞ்சில அடிக்கிறப்ப வடக்க பாத்து நின்னுக்கிட்டு, தலைக்கு மேல குடையும் விரிச்சா? பாய் விரிச்சவன் ஒண்ணு நங்கூரம் போடணும், இல்ல கடலுக்குப் போகணும்.

சேது: பாலத்தை வரையலாம்னு வடக்க பாத்து நின்னேன். குடை எனக்கு இல்லண்ணே, பலகைக்கு. பலகையில நேர் வெயில் பட்டா கலர் எல்லாம் பளிச்சுனு தெரியும். அதை நம்பி கொஞ்சம் கொஞ்சமா அடர்த்தியாக்கிக்கிட்டே போவோம். வீட்டுக்குள்ள கொண்டுபோய் மாட்டுனா, காலை ஏழு மணி படம் ராத்திரி ஏழு மணி மாதிரி இருக்கும்.

முனியசாமி: அப்ப தெக்க பாத்துத் திரும்ப வேண்டியதுதான? மார்கழிச் சூரியன் நாள் பூராம் தெக்குப் பக்கமாத்தான் நடக்குது. பலகை முதுகுல வெயில், மூஞ்சில நிழல். வாடை உங்க முதுகுல. குடை எதுக்கு?

சேது: (வாய் பிளந்து) இதைக் கண்டுபிடிக்க நான் மூணு புத்தகம் வாங்குனேன்.

முனியசாமி: படகுல சோத்துப் பானையத் தொறக்குறவனுக்கு வெயில் எங்குட்டு விழும்னு தெரியாதா? அது சரி, வரையணும்னா கோடைல வரவேண்டியதுதான? இந்த வாடையில வந்து ஏன் இடிபடுறீங்க?

சேது: நிழலுக்காகத்தான். சித்திரை பொறக்குற சமயம் உச்சில சூரியன் நம்ம தலைக்கு நேர் மேல வந்துரும். படகு, பனை, ஆளு எதுக்கும் நிழல் கெடையாது. எல்லாம் தட்டையாத் தெரியும். இப்ப உச்சிப் பொழுதுல கூட ஆறடி ஆளுக்கு நாலடிக்குக் கிட்ட நிழல் விழுது.

முனியசாமி: நான் அஞ்சரை அடி.

சேது: உங்களுக்கு மூணரை அடி.

முனியசாமி: வட்டிக்காரன் வந்தா ஒளிய அது பத்தாதே. சரி, ஸ்டாண்டைத் தூக்குங்க. ஒத்தைக் கால் எங்குட்டு இருக்கணும்?

சேது: காத்து பலகையத் தள்ளுற பக்கம். இப்ப காத்து முதுகுல இருந்து வருது, அதனால ஒத்தைக் கால் முன்னால, கடல் பக்கம். அதை நல்லா நீட்டி வைக்கணும். மத்த ரெண்டும் என் பக்கம். கால் மூணையும் முழு உயரத்துக்கு இழுக்காம, குட்டையா அகட்டி வச்சு உக்காந்தே வரையலாம். நடுவுல ஒரு பையில அஞ்சு கிலோ மணல் கட்டித் தொங்கவிட்டா அசையாது.

முனியசாமி: தொங்கவிட்டா அசையும். பை ஊஞ்சலாடும், ஸ்டாண்டும் கூட ஆடும். பை அடி தரையில லேசா முட்டணும், மேல கயிறு விறைப்பா நிக்கணும். பாத்தீங்களா? இப்ப தள்ளுங்க.

சேது: (தள்ளிப் பார்த்து) அசையல.

முனியசாமி: நங்கூரம்னா இது. அதென்ன கக்கத்துல ரெண்டு பக்கமும் பொடைப்பு? கட்டியா?

சேது: பெயின்ட் டியூப். குளிர்காலத்துல எண்ணெய்ப் பெயின்ட் இறுகிரும், டியூபை உடம்புச் சூட்டுல வைக்கணும்னு போட்டிருந்துச்சு.

முனியசாமி: எந்த ஊர்ப் புத்தகம்?

சேது: பனி பெய்யுற ஊர்.

முனியசாமி: நம்மூர்ல?

சேது: 20 டிகிரிக்குக் கீழ இறங்குறதே அபூர்வம்.

முனியசாமி: அப்ப அந்தக் குல்லா?

சேது: (கழற்றிக்கொண்டே) அதுவும் அந்தப் புத்தகம்தான். ஆனா விஷயம் பொய்யில்லண்ணே. மார்கழில உங்க வீட்டுத் தேங்காயெண்ணெய் பாட்டில்ல உறைஞ்சு போய், அண்ணி அதை வெயில்ல வைக்கிறாங்கல்ல? குளிர்ல எண்ணெய் கெட்டிப்படும். இந்தப் பெயின்ட்ல இருக்குறது ஆளிவிதை எண்ணெய். அது உறைய, பூஜ்யத்துக்குக் கீழ ரொம்ப தூரம் போகணும். அதுக்கு முன்னாலயே பிரஷ்ஷுக்கு வராம வெண்ணெய்க் கட்டி மாதிரி ஆயிரும், முக்கியமா வெள்ளை. அங்க உள்ளவங்க ரெண்டு சொட்டு டர்பன்டைன் விட்டு இளக்குறாங்க. நமக்கு அந்தத் தொல்லை இல்ல.

முனியசாமி: ஆளிவிதை வெலை கூட. தேங்காயெண்ணெயே ஊத்திக்கலாமே?

சேது: ஆயுசுக்கும் காயாது. பேரன் வந்து தொட்டாலும் கையில ஒட்டும். நல்லெண்ணெய் பிசுபிசுன்னு நிக்கும். ஆளிவிதை எண்ணெய் தண்ணி மாதிரி ஆவியாகிக் காயுறது இல்ல. காத்துல இருக்குற ஆக்சிஜனை இழுத்துக்கிட்டு, தோல் மாதிரி இறுகும்.

முனியசாமி: வல்லத்துக்குப் பூசுற மீனெண்ணெய் மாதிரி.

சேது: அதே கணக்கு.

முனியசாமி: அப்ப மீனெண்ணெய்...

சேது: படத்தை எங்க மாட்டுறதுண்ணே? பூனை வந்து நக்கும்.

(சேது தட்டில் பெயின்ட் பிதுக்குகிறார். வெள்ளை நெல்லிக்காய் அளவு, மற்றதெல்லாம் பட்டாணி அளவு.)

முனியசாமி: கறுப்பையே காணோம். படகு பூராம் தார் அடிச்சுக் கெடக்கு.

சேது: நீலத்துல அல்ட்ராமரின், காவியில பர்ன்ட் சியன்னா, இது ரெண்டையும் குழைச்சா நல்ல கருக்கல் வரும். நீலம் தூக்குனா குளிர்ந்த கறுப்பு, காவி தூக்குனா சூடான கறுப்பு. டியூப்ல வர்ற கறுப்பு படத்துல ஓட்டை போட்ட மாதிரி நிக்கும்.

முனியசாமி: பலகை ஏன் செங்கல் நெறத்துல இருக்கு?

சேது: நேத்தே வீட்டுல காவி பூசுனது. நாலு மில்லி பிளைவுட், எட்டுக்குப் பத்து இஞ்சு. அதுக்கு அடியில மூணு கோட் ஜெஸ்ஸோங்குற வெள்ளைப் பூச்சு, ஒவ்வொண்ணும் காஞ்சதும் உப்புத்தாள். பின்பக்கமும் ஓரமும் விடாம அடிக்கணும், இல்லன்னா இந்த ஈரக் காத்துக்கு அப்பளம் மாதிரி வளைஞ்சுரும். கான்வாஸ் துணின்னா இன்னும் மோசம், காத்துல மத்தளம் மாதிரி அடிக்கும். பின்னால வெயில் இருக்குறதால வெளிச்சம் ஊடுருவி, என்ன கலர் வைக்கிறோம்னே தெரியாது. சரி, ஆரம்பிக்கிறேன். வெளிச்சம் ரெண்டு மணி நேரம்தான் ஒரே மாதிரி நிக்கும். முதல்ல நிழல் எல்லாம் எங்கங்க விழுதுன்னு குறிச்சிட்டா, அப்புறம் சூரியன் நகந்தாலும் நாம நகரக் கூடாது.

முனியசாமி: ஈரமா இருக்கே பலகை. தொடைக்கலயா?

சேது: (தொட்டுப் பார்த்து) ஐயோ, பனி! இது மேல எண்ணெய் ஒட்டாது. ஒரு துணி குடுங்கண்ணே.

முனியசாமி: அந்தா, படகு மூக்குல, அணியத்துல, என் வெள்ளைத் துண்டு காயுது...

சேது: அதைத் தொடாதீங்க! அது அப்படியே இருக்கட்டும். (சட்டையால் பலகையைத் துடைத்துவிட்டு) இந்த அட்டையில காசளவு ஓட்டை இருக்கு பாருங்க. இது வழியா துண்டைப் பாருங்க. வெயில் விழுற பக்கம் என்ன கலர்?

முனியசாமி: (ஒற்றைக் கண்ணால்) வெள்ளை... இல்ல, லேசா மஞ்ச.

சேது: நிழல் பக்கம்?

முனியசாமி: நீலம். (அட்டையை இறக்கிப் பார்க்கிறார்; மறுபடி தூக்கிப் பார்க்கிறார்) நீலமேதான். இவளுக்கு எத்தன தடவ சொல்றது, சொட்டு நீலத்தக் கொறைச்சுப் போடுன்னு!

சேது: அண்ணி மேல தப்பில்லண்ணே. வெயில் படாத பக்கத்துக்கு வானத்து வெளிச்சம் மட்டும்தான் வருது. வானம் நீலம், அதனால நிழலும் நீலம். பனி ஊர்க்காரன் பனிய வரையுற சூட்சுமமே இதுதான். நிழலுக்கு நீலம், வெயில் பக்கத்துக்கு ஒரு துளி மஞ்சள். வெறும் வெள்ளைய அப்புனா சுண்ணாம்புச் சுவராயிரும். நமக்கு அந்தக் கட்டிப் பனி கெடையாது, வாலிநோக்கம் உப்புக் குவியல் இருக்கு. அதே கணக்குத்தான்.

(கொஞ்ச நேரம் பேச்சில்லை. டர்பன்டைன் விட்டு நீர்க்கக் கரைத்த பெயின்ட்டால் சேது முதல் பூச்சை ஓட்டுகிறார். முனியசாமி வலையை விட்டுவிட்டு எழுந்து வந்து பின்னால் நிற்கிறார்.)

முனியசாமி: கடல் சாஞ்சிருக்கு.

சேது: எங்க?

முனியசாமி: வலப் பக்கம் அரை விரக்கடை எறங்கியிருக்கு. இப்படியே விட்டா தண்ணி பூராம் வாலிநோக்கத்துக்கு ஓடிரும்.

சேது: (ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்து) ஆமாண்ணே. (திருத்துகிறார்) அந்தக் கறுப்புத் திட்டு, மேகத்து நிழல், அழகா விழுந்துருக்குல்ல?

முனியசாமி: பார்.

சேது: பாத்துட்டேண்ணே, அதைத்தான் சொல்றேன்.

முனியசாமி: பார்னு சொல்றேன்யா.

சேது: கண்ணு வலிக்கப் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்!

முனியசாமி: வாத்தியாரே, அதுக்குப் பேரே பார். கடலுக்கு அடியில இருக்குற பாறை. அது மேல தண்ணி கறுப்பு, மணல் மேல தண்ணி பச்சை. மேகத்து நிழல்னா நகரும்; இது எங்க தாத்தா காலத்துல இருந்து நகரல.

சேது: (மறுபடி பார்த்து) அப்ப அதோட ஓரம் மழுங்கலா இருக்கக் கூடாது, கொஞ்சம் வெட்டா வரணும். நல்லவேளை சொன்னீங்க.

முனியசாமி: இன்னொண்ணு. இந்தப் படகு அறுந்து போச்சு.

சேது: எந்தப் படகு?

முனியசாமி: நீங்க வரைஞ்சது. நங்கூரத்துல கெடக்குற படகு காத்துக்கு மூஞ்சியத்தான் காட்டும். வாடைக்கு அணியம் வடகிழக்க இருக்கணும். ஓரோரு நேரம் நீவாடு, அதான் கடல் நீரோட்டம், இழுத்தா கொஞ்சம் திரும்பும். நீங்க அணியத்தக் கடல் பக்கம் வச்சிருக்கீங்க. அஞ்சு படகு ஒரு பக்கம் பாக்குது, ஒண்ணு மட்டும் எதிர்ப்பக்கம். எவனாவது பாத்தா ‘ஏலே, கயிறு அறுந்துருச்சு’ன்னு கத்துவான்.

சேது: அப்படி வச்சாத்தான் படத்துல கண்ணு உள்ள போகும்னு...

முனியசாமி: கண்ணு உள்ள போகும். படகு இலங்கைக்குப் போகும்.

(சேது பெருமூச்சு விட்டுத் துணியால் படகைத் துடைத்து அழிக்கிறார். மெலிசான முதல் பூச்சு என்பதால் சுத்தமாக வருகிறது.)

சேது: இதுக்காகத்தான் அடிக் கோட்டு நீர்க்க ஓட்டுறது. மேல போகப் போகத்தான் எண்ணெய் கூடணும். மாத்தி, கொழகொழன்னு எண்ணெய்ப் பூச்சை அடியில வச்சு, மேல நீர்த்தது ஓட்டுனா, மேல் கோட்டு முதல்ல காஞ்சு அடிக் கோட்டு அப்புறமா அசையும். படம் வறண்ட கண்மாய் மாதிரி வெடிச்சுரும்.

(ஒரு வீச்சு வாடை. மணல் பறந்து ஈரப் பலகையில் ஒட்டுகிறது. முனியசாமி துண்டோடு பாய்கிறார்.)

சேது: தொடைக்காதீங்க! ஈரத்துல தொடைச்சா அம்புட்டும் கோடு கோடா இழுக்கும். அப்படியே விட்டுரணும். நாலஞ்சு நாள்ல தொட்டா ஒட்டாத பதம் வரும். வெள்ளை கனமா வச்ச எடம் ரெண்டு வாரம் கூட எடுக்கும். நல்லா இறுகுனப்புறம் நகத்தால தட்டுனா முக்கால்வாசி உதிர்ந்துரும். தெக்க திரும்புனதுக்கு இதுதான் வாடகை. வெயிலுக்குத் தப்பிச்சா மணலுக்கு மாட்டுறோம்.

முனியசாமி: என் வத்தைப் படகோட மறைவுல உக்காந்தா அதுவும் வராது. மிச்ச மணல் உதிரலன்னா?

சேது: இருந்துட்டுப் போகட்டும். மோனேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1870ல ட்ரூவில் கடற்கரையில உக்காந்து ஒரு படம் வரைஞ்சாரு. அது லண்டன் நேஷனல் கேலரியில இருக்கு. பெயின்ட்டுக்குள்ள அந்தக் கரை மணல் இன்னமும் ஒட்டியிருக்கு.

முனியசாமி: அந்தப் படம் என்ன வெலை பெறும்?

சேது: கோடிக்கணக்குல.

முனியசாமி: மணலோடயா? (ஒரு கை மணல் அள்ளி) இன்னும் கொஞ்சம் போட்டுக்கலாமா?

(வத்தை மறைவுக்கு ஸ்டாண்டு மாறுகிறது. ஒன்பதரை மணி. வெளிச்சம் மாறிவிட்டது. சேது பிரஷ்களைத் துடைக்கிறார். முனியசாமி உதவியாக எண்ணெய்த் துணிகளை உருட்டி, நைலான் வலைக்குள் செருகுகிறார்.)

சேது: அண்ணே, அதை எடுங்க! ஆளிவிதை எண்ணெய் காயுறப்ப சூடு கக்கும். துணியச் சுருட்டி அமுக்கி வச்சா சூடு வெளிய போக வழியில்லாம ஏறிக்கிட்டே போய், தீக்குச்சியே இல்லாமத் தானாத் தீப்பிடிச்சுரும்.

முனியசாமி: (துணியைத் தூக்கி எறிந்து) எண்பதாயிரம் ரூவா வலைய்யா!

சேது: மூடி போட்ட டப்பாவுல தண்ணி ஊத்தி அமுக்கி வைக்கணும். இல்லன்னா ஒவ்வொண்ணா விரிச்சுக் காயப்போடணும். இப்ப ஒரு உதவி. ஈரப் படத்தைப் பஸ்ல கொண்டுபோகணும். நேத்து வரைஞ்சது ஒண்ணும் ஈரமா இருக்கு. ரெண்டையும் மூஞ்சிக்கு மூஞ்சி வச்சு, நாலு மூலையிலயும் நாலு துண்டு தீக்குச்சி குடுத்து, ரப்பர் பேண்டு போட்டுட்டா ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டாது. குச்சி தடிமன் அளவு எடைவெளி போதும்.

முனியசாமி: இந்தாங்க. (மடியிலிருந்து தீப்பெட்டி எடுக்கிறார். சேது நாலு குச்சியையும் மருந்து முனையைக் கிள்ளி எறிந்துவிட்டு, மூலைக்கு ஒன்றாக வைத்துக் கட்டுகிறார்.)

சேது: அவ்வளவுதாண்ணே, ரொம்ப நன்றி.

(முனியசாமி டர்பன்டைன் பாட்டிலிலிருந்து பத்தடி தள்ளிப் போய் வத்தை ஓரமாக உட்கார்ந்து, காதிலிருந்து ஒரு பீடியை எடுத்து வாயில் வைத்துத் தீப்பெட்டியைத் திறக்கிறார். கவிழ்த்துத் தட்டுகிறார்.)

முனியசாமி: வாத்தியாரே.

சேது: என்னண்ணே?

முனியசாமி: அந்தத் துணி தானாத் தீப்பிடிக்க எத்தன மணி நேரம் ஆகும்?