நிறுவனம் வளரும்போது கற்றுக்கொடுப்பவர்களை இழக்கிறோம்

நாற்பது பேருடன் இயங்கிய ஒரு நிறுவனம் நானூறு பேராக வளரும்போது, யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதை நிறுவனர் நேரில் பார்த்து அறிய முடியாமல் போகிறது. அந்த இடத்தை நிரப்ப டார்கெட்டும் டாஷ்போர்டும் வருகின்றன. அவை வருவதில் தவறில்லை. எதை எண்ணுகிறோம், எண்ணியதை வைத்து என்ன செய்கிறோம் என்ற கேள்விகளுக்கு யாரும் பதில் யோசிக்காமலேயே அவை வந்துவிடும்போதுதான், ஊழியர்களுக்கு வேலையில் இருந்த மனம் விட்டுப்போகிறது. வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் இதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

கணக்கு மென்பொருள் விற்கும் நிறுவனத்தின் சப்போர்ட் பிரிவில் மாதத்தின் 10ஆம் தேதி மிகக் கடினமான நாள். மறுநாள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற மாதாந்தர விற்பனை விவர அறிக்கையைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் என்பதால் அழைப்புகள் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். ஒரு சிறு வியாபாரி, பில்லில் உள்ள வரித்தொகையும் அறிக்கையில் உள்ள தொகையும் ஒத்துப்போகவில்லை என்று பதற்றத்துடன் அழைக்கிறார். பில்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால், ஏதோ ஒரு பொருளுக்கு வரி விகிதம் தவறாகப் பதிவாகியிருப்பது தெரிந்துவிடும். ஆனால் அதற்கு இருபது நிமிடமாவது ஆகும். ஓர் அழைப்புக்குச் சராசரியாக எட்டு நிமிடம்தான் என்பது டார்கெட். திரையின் மூலையில் ஓடும் நேரம் மஞ்சளாகி, பிறகு சிவப்பாகும்போது, பேசிக்கொண்டிருக்கும் பெண், "டெக்னிக்கல் டீமுக்கு அனுப்பியிருக்கிறேன் சார், அவர்களே உங்களை அழைப்பார்கள்" என்று சொல்லி டிக்கெட்டை, அதாவது அந்தப் புகாரின் பதிவை, மூடுகிறாள். மாத இறுதி அறிக்கையில் அவளுடைய எண்கள் எல்லாம் பச்சையாக இருக்கும். தன்னால் தீர்க்க முடிந்ததைத் தீர்க்காமல் விட்டோம் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். ஊழியர்களின் சோர்வு என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி, நல்ல வேலை செய்யத் தெரிந்தவர்களை அதைச் செய்யவிடாத இத்தகைய ஏற்பாடுகளால் வருவதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

வளரும் நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய சேதம் ஒன்று இருக்கிறது. அங்கே மாதாமாதம் புதியவர்கள் சேர்கிறார்கள். இரண்டு வாரப் பயிற்சி வகுப்பில் அவர்கள் கற்பது கொஞ்சம்தான், மீதியெல்லாம் பக்கத்து இருக்கையில் இருக்கும் அனுபவசாலியிடம், "அக்கா, இந்த எரர் எதற்கு வருகிறது?" என்று கேட்டுக் கற்றுக்கொள்வதுதான். அந்த அக்கா தன் அழைப்பை நிறுத்திவைத்துவிட்டுப் பத்து நிமிடம் விளக்கினால், அந்தப் பத்து நிமிடமும் அவருடைய கணக்கில் வேலை செய்யாத நேரமாகப் பதிவாகிறது. காலாண்டு முடிவில், யாருக்கும் எதையும் சொல்லித்தராமல் ஹெட்போனைக் கழற்றாதவர் முதலிடத்திலும், ஐந்து பேரை வேலைக்குத் தயார்படுத்தியவர் நடுவிலும் இருப்பார். அடுத்த காலாண்டில் அவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். புதியவர்கள் திணறுவார்கள், புகார்கள் கூடும், நிர்வாகம் டார்கெட்டை இன்னும் இறுக்கும். நிறுவனம் வளர்வதற்கு எந்த வேலை மிகவும் தேவையோ, அதைச் செய்பவரையே அளவீடு தண்டிக்கிறது.

இதற்கு மேல் பெல் கர்வ் வேறு, அதாவது சிலர் மேலே, பெரும்பாலோர் நடுவில், சிலர் கீழே என்று முன்கூட்டியே வகுத்த விகிதத்தில் ஊழியர்களைத் தரம்பிரிக்கும் மணி வடிவக் கணக்கு. பத்துப் பேர் கொண்ட டீமில் பத்துப் பேருமே நன்றாக வேலை செய்திருந்தாலும், மதிப்பீடுகளை அந்த விகிதத்துக்குச் சரிக்கட்டும் நார்மலைசேஷன் மீட்டிங்கில் ஒருவரைக் கீழே தள்ளியே ஆகவேண்டும். பெருந்திரளான மக்களின் உயரத்தை அளந்தால் ஏறத்தாழ அந்த மணி வடிவம் கிடைக்கும் என்பது உண்மைதான். பல சுற்று நேர்காணல் நடத்தித் தேர்ந்தெடுத்த பத்துப் பேரிடம் அதே வடிவத்தை எதிர்பார்ப்பதற்குப் புள்ளியியலில் எந்த ஆதாரமும் இல்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தை 1981 முதல் 2001 வரை நடத்திய ஜாக் வெல்ச், ஊழியர்களை 20, 70, 10 என்ற விகிதத்தில் பிரித்து, கடைசிப் பத்து விழுக்காட்டினரை வெளியேற்றும் முறையைப் புகழ்பெறச் செய்தார். மைக்ரோசாஃப்டும் இத்தகைய தரவரிசையைப் பல ஆண்டுகள் பின்பற்றியது. போட்டி நிறுவனங்களோடு மோதுவதை விட்டுவிட்டுச் சக ஊழியர்களோடு மோதவேண்டியிருக்கிறது, திறமையான இருவர் ஒரே குழுவில் சேர்ந்து வேலை செய்யத் தயங்குகிறார்கள் என்று அங்கிருந்தவர்களே சொன்னார்கள். 2013 நவம்பரில் அந்த நிறுவனம் அதைக் கைவிட்டது. நம் ஊர் நிறுவனங்கள் பலவற்றில், இதே கணக்கு வேறு பெயர்களில் இன்னும் தொடர்கிறது.

டார்கெட் அச்சமாக மாறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியைப் பார்க்கலாம். ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டுச் சேவைகளை விற்கவேண்டும் என்ற இலக்கின் அழுத்தத்தில், வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கான கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் வேலை இழந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கவுண்ட்டரிலும் கிளைகளிலும் இருந்த சாதாரண ஊழியர்கள்.

அளவீடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். எண்கள் இல்லாத அலுவலகத்தில் மேனேஜருக்குப் பிடித்தவர்தான் சிறந்த ஊழியர். அவரோடு டீ குடிக்கப் போகிறவர், ஷிஃப்ட் முடிந்தும் உட்கார்ந்திருப்பவர், அவருடைய ஊர்க்காரர் என்று அந்தப் பட்டியல் நீளும். ஆங்கிலம் சரளமாக வராத முதல் தலைமுறைப் பட்டதாரிக்கும், குழந்தையை அழைத்துவர ஆறு மணிக்குக் கிளம்பியாகவேண்டிய பெண்ணுக்கும், தங்கள் வேலையை நிரூபிக்க எண்களே துணையாக இருந்திருக்கின்றன. அதனால்தான் எதை எண்ணுகிறோம் என்பதில் இவ்வளவு கவனம் தேவை என்கிறேன்.

அழைப்பு எத்தனை நிமிடம் நீடித்தது என்பதைவிட, அதே வாடிக்கையாளர் அதே பிரச்சினைக்காக ஒரு வாரத்துக்குள் மீண்டும் அழைத்தாரா என்று பார்ப்பது மேலானது. தனி ஆளை வரிசைப்படுத்துவதைக் குறைத்து, டீமின் எண்ணை டீமிடமே கொடுத்து, ஏன் குறைந்தது என்று அவர்களையே பேசவிடலாம். வாரந்தோறும் பார்க்கும் எண்ணை இன்க்ரிமென்ட்டோடு நேரடியாகக் கட்டிவிட்டால், எல்லோரும் அந்த எண்ணைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். பிரச்சினையை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். டார்கெட் நிர்ணயிக்கும் மீட்டிங்கில், அன்றாடம் அழைப்பை எடுப்பவர்களில் இரண்டு பேராவது உட்கார்ந்திருக்கவேண்டும். புதியவருக்குச் சொல்லித்தரும் நேரத்துக்கு, ஊழியர்களின் நேரத்தைப் பதிவுசெய்யும் மென்பொருளில் தனியாக ஒரு குறியீடு ஒதுக்கி, அதை வேலை நேரமாகவே கணக்கிடவேண்டும். ஓய்வுக்கும் உணவுக்கும் ஏற்கனவே அப்படிக் குறியீடுகள் இருக்கின்றன. இன்னும் ஒன்றைச் சேர்ப்பது அட்மினுக்கு அரை மணி நேர வேலை. அடுத்த காலாண்டு தொடங்கும் முன்பே அதைச் செய்துவிடலாம்.