கருந்துளைக்கு முடி இல்லையாம்

எத்தனை தடவைதான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்காருவது? பேராசிரியர் பலகையில் 'நோ ஹேர் தியரம்' என்று எழுதி, அடியில் கோடும் போட்டு, "கருந்துளைக்கு முடி கிடையாது" என்கிறார். முகத்தில் சலனமே இல்லை. (அவர் தலையும் அப்படித்தான், அது வேறு விஷயம்.) நிறை, மின்னூட்டம், சுழற்சி தவிர வேறு அடையாளம் இல்லை என்று நேராகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அப்புறம் 'நிர்வாண ஒருமைப்புள்ளி', அதாவது அடர்த்தி எல்லையில்லாமல் போகும் புள்ளி, கருந்துளை மூடி மறைக்காமல் அம்மணமாக நிற்பது. அது வெளியே தெரியவே கூடாது என்று 1969இல் இயற்பியலாளர் பென்ரோஸ் 'அண்டத் தணிக்கை' வேறு கொண்டுவந்தார். இயற்பியலா, சென்சார் போர்டா? அணுக்கரு மோதல்களில் பரப்பை அளக்கும் அலகுக்கு 'பார்ன்', அதாவது களஞ்சியம். பரப்போ 10⁻²⁸ சதுர மீட்டர். எலிகூட நுழையாது! ஒரு மரபணுவுக்கு 'சோனிக் ஹெட்ஜ்ஹாக்', வீடியோ கேம் முள்ளெலி. சிரித்தால் மட்டும், "என்ன சிரிப்பு? எழுந்திரு!" பெயர் வைத்தது நானா சார்?