அலை அலை என்று சொல்லாதீர்கள்

நேற்று நம் கட்சிக் கூட்டத்தில் எடுத்த அந்த வீடியோவை இதுவரை பதினோரு பேர் எனக்கே புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிவிட்டார்கள். ஆமாம், மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தான். “அம்மா, நீங்க எப்ப பச்சைக் கொடிக்கு மாறுனீங்க?” என்று தலைவர் கேட்பதும், எல்லாரும் சிரிப்பதும் அதில் இருக்கிறது. நான் கேட்ட கேள்வி அதில் இல்லை. அதை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

“பாஸ் வெறும் அலை, வந்த வேகத்தில் போய்விடும்” என்று தலைவர் பேசினார். பாஸ் என்றால் மலேசிய இஸ்லாமியக் கட்சி, பச்சைக் கொடி அவர்களுடையது. 1951-இல் தொடங்கிய கட்சி எப்படி ஐயா அலை ஆகும் என்று கேட்டேன். நம் கிளை இந்த ஊரில் கடைசியாக எப்போது கூடியது என்றும் கேட்டேன். அவ்வளவுதான்.

பாஸ் என்றால் எங்கோ கிளந்தான் பக்கம் முளைத்தது என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். அது தொடங்கியது பட்டர்வொர்த்தில். பாடாங் செராயிலிருந்து காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறோமே, அதே பட்டர்வொர்த். 1955 பொதுத் தேர்தலில் 52 இடங்களில் அவர்களுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. 1959-இல் கிளந்தான், திரெங்கானு மாநில ஆட்சிகளைப் பிடித்தார்கள். 1978-இல் கிளந்தான் கையை விட்டுப் போனது. 1986-இல் நாடாளுமன்றத்தில் மறுபடியும் ஒரே ஒரு இடம். அதோடு கதை முடிந்தது என்று அன்றைக்கும் பல மேடைகளில் பேசியிருப்பார்கள். 1990-இல் கிளந்தானைத் திரும்பப் பிடித்தவர்கள் இன்று வரை விடவில்லை. 2022-இல் நாடாளுமன்றத்திலேயே அதிக இடம் வைத்திருக்கும் தனிக்கட்சி அவர்கள்தான். மறு வருடம் நம் கெடா மாநிலச் சட்டமன்றத்தில் 36-க்கு 33 இடம் அவர்கள் கூட்டணிக்குப் போனது. நம் லூனாஸ் தொகுதியும் அந்த 33-இல் ஒன்று.

இதை அலை என்றால் எழுபது வருடமாக அடிக்கும் அலை.

என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) இருந்தார். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்ற பிறகு, நாங்கள் லயத்தைக் காலி செய்துவிட்டு இந்தத் தாமானுக்கு (குடியிருப்புக்கு) வந்த நாளிலிருந்து அவரைத் தெரியும். பழைய ஹோண்டா கப்சாய் மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஆனால் அதன் முன்கூடையில் பாஸ் கட்சியின் ஹராக்கா பத்திரிகைக் கட்டு இருக்கும். ரப்பர் பேண்டு போட்டு ஒவ்வொன்றாகச் சுருட்டி வைத்திருப்பார். மழை நாளில் மேலே ஒரு பிளாஸ்டிக் பை. 2000-ஆம் ஆண்டு அரசாங்கம் அந்தப் பத்திரிகையை, வாரம் இரண்டு முறை வந்ததை, மாதம் இரண்டு முறை என்று குறைத்துவிட்டது. பாக்சிக் வெள்ளிக்கிழமை சுற்றை நிறுத்தவில்லை. பத்திரிகை இல்லாத வாரத்தில் வெறும் கூடையோடு போய், காய்ச்சலில் கிடப்பவர்களை விசாரித்துவிட்டு வருவார்.

அவர்களுடைய செராமா (அரசியல் பேச்சுக் கூட்டம்) ஒன்றை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். பேச்சின் நடுவே ஒரு பிளாஸ்டிக் வாளி கைமாறிக் கைமாறி வரும். ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி, சில்லறை, எல்லாம் விழும். வாளி வந்தபோது சட்டைப் பையைத் துழாவிவிட்டு, கைலி மடிப்பை அவிழ்த்து இரண்டு வெள்ளி எடுத்துப் போட்ட ஒரு கிழவரை இன்றும் மறக்கவில்லை. நம் கூட்டத்தில் யாரும் எதுவும் போடுவதில்லை. வருகிறவர்களுக்கு நாம் பிரியாணிப் பொட்டலம் கொடுக்கிறோம். பொட்டலம் தீர்ந்தால் கூட்டமும் தீர்ந்தது. கொடுத்தவனுக்குத்தான் அது தன் கட்சி. வாங்கியவனுக்கு அது யாரோ வைத்த விருந்து.

சரி, இப்போதே பதில் தட்ட ஆரம்பித்திருப்பீர்கள். “மதத்தை வைத்து அரசியல் செய்கிறார்கள். அது சுலபம்.” சுலபமா? 1986-லும் மதம் இருந்தது. பள்ளிவாசல் இருந்தது, உஸ்தாஸ் (மத ஆசிரியர்) இருந்தார். இடம் ஒன்றுதானே கிடைத்தது? மதம் அவர்களுக்குப் பேச ஒரு பொருள் தருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒற்றை இடத்திலிருந்து எழுந்து வந்தது அவர்கள் நடத்தும் பாஸ்தி பாலர் பள்ளியால். பெண்கள் பிரிவு வீடு வீடாக நடந்த நடையால். ஒருவர் வீட்டில் சாவு என்றால் பந்தல் போட வந்துவிடுகிற தொண்டர்களால். நம்மிடமும் கோயில் இருக்கிறது. வட்டாரத்தில் எத்தனை தோட்டமோ அத்தனை கோயில். அதை வைத்து நாம் என்ன செய்தோம்? திருவிழா கணக்குக்குச் சண்டை போட்டு இரண்டு கமிட்டி ஆனோம்.

“டிக்டாக்கால் ஜெயித்தார்கள்” என்பவர்களுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் கையிலும் அதே போன்தான் இருக்கிறது.

“பாடாங் செராயில் ஜெயித்தவர் பெர்சத்துக்காரர், பாஸ் இல்லையே?” இது நியாயமான கேள்வி. பெர்சத்து அன்று பாஸின் கூட்டணிக் கட்சி. 2008-லிருந்து மூன்று தேர்தலில் தொடர்ந்து நம் இந்தியர்கள் ஜெயித்த தொகுதி. 2022-இல் ஓட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது வேட்பாளர் கருப்பையா இறந்துவிட, டிசம்பர் 7-க்குத் தேர்தல் தள்ளிப்போனது. ஜெயித்தவர் பெர்சத்து என்பதும் உண்மை. ஆளுங்கட்சியாக இருந்த அம்னோ மேல் இருந்த கோபமும் அதில் இருந்தது, அதுவும் உண்மை. ஆனால் அன்று காலை ஏழு மணிக்கு எங்கள் தெரு முனையில் வேனை நிறுத்தி, நடக்க முடியாத கிழவிகளைக் கைத்தாங்கலாக ஏற்றியவர்கள் யார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். எல்லாரும் பாஸ் பெண்கள். நம் பிள்ளைகள் பாதிப் பேர் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். இரண்டாவது தடவை லீவு கிடைக்காது என்றார்கள். அவர்களுக்குப் போன் போட்டுப் பேசக்கூட இங்கே ஒரு ஆள் இல்லை.

இப்போது அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். நான் பச்சைக்கு மாறிவிட்டேனாம்.

2021-இல் தைப்பூச விடுமுறையை கெடா மந்திரி பெசார் (மாநில முதல்வர்), பாஸ்காரரான சனுசி ரத்து செய்தபோது நான் எப்படி அழுதேன் என்று இந்த ஊருக்குத் தெரியும். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு, ஊர்வலம் இல்லை, எனவே விடுமுறை தேவையில்லை என்று காரணம் சொன்னார்கள். வீட்டில் விளக்கேற்றி உட்கார்ந்து முருகனைக் கும்பிட எங்களுக்கு ஒரு நாள் வேண்டாமா? அதற்கு முந்தின மாதம் கோயில் இடிப்பு விவகாரத்தில் ம.இ.கா.வுக்கு (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) பதில் சொல்ல வந்த அதே சனுசி, கள்ளு போதை என்று பேசினார். எங்கள் தாத்தா கள்ளுக்கடைக்குப் போனவர்தான். பெரட்டில் (தோட்டத்து ஆள் கணக்கெடுப்பில்) விடியற்காலை நின்று, ரப்பர் பால் வெட்டி, வாளி சுமந்து, கொடுத்த கூலியில் பாதியை அதே தோட்டத்துக் கள்ளுக்கடையில் திருப்பிக் கொடுக்க வைத்தார்கள். அந்தச் சொல் வேறு யாருக்கு எப்படியோ, எனக்குச் சுட்டது. அடுத்த வருடம் விடுமுறை திரும்ப வந்தது. சூடு ஆறவில்லை.

அதனால் அவர்களுக்கு ஓட்டுப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. போடவும் மாட்டேன். நான் அந்தக் கட்சியில் முழு உறுப்பினர்கூட ஆக முடியாது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கென்று 2010-லிருந்து தனியாக ஒரு ஆதரவாளர் பிரிவு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் கேட்கும் நாட்டில் எனக்கு எந்த இடம் என்று யோசித்தால் பயமாகத்தான் இருக்கிறது. பயப்படுகிறவள்தான் சொல்கிறேன், அலை அலை என்று சொல்லாதீர்கள். அலை என்று சொன்னால் கரையில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று ஆகிவிடுகிறது. நாம் உட்கார்ந்தே இருக்கிறோம்.

பாக்சிக் 2019-இல் இறந்துவிட்டார். அந்தக் கப்சாயை இப்போது அவருடைய பேத்தி ஓட்டுகிறாள். பாஸ்தியில் படித்த பிள்ளை, இப்போது அங்கேயே ஆசிரியை. போன மாதம் என் அம்மாவுக்குக் காலில் புண் என்று கேள்விப்பட்டு வந்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனாள். ஓட்டு பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஓட்டு நாள் எதுவும் பக்கத்தில் இல்லை.

அப்பா நம் கட்சியில் முப்பது வருடம் இருந்தார். சந்தா ரசீதுகளை மைலோ டின்னில் போட்டு, லயத்திலிருந்து இங்கே வரும்போதும் அந்த டின்னைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. எங்கே கையெழுத்துக் கேட்டாலும் கட்டை விரலை நீட்டுவார். அவர் இறந்தபோது கிளையிலிருந்து யாரும் வரவில்லை. பாக்சிக்தான் தன் பேரனை அனுப்பி நாற்காலி இறக்க வைத்தார். அதைப் பெரிதாக நினைக்கக்கூடாது, எல்லாருக்கும் வேலை இருக்கும் என்று அம்மா சொன்னார். நானும் விட்டுவிட்டேன்.

நேற்று நான் ஏன் கிளை எப்போது கூடியது என்று கேட்டேன் தெரியுமா? மண்டபத்துக்குள் நுழையும்போது வாசல் மேசையில் உறுப்பினர் வருகைப் பட்டியலை நீட்டி, உங்கள் பெயரைத் தேடிக் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். இரண்டாவது பக்கத்தில், போன ஆண்டுக் கூட்டத்துக்கான கட்டத்தில், அப்பா பெயர் இருந்தது. அவர் போய் ஆறு வருடத்துக்கு மேல் ஆகிறது. பெயருக்கு எதிரே நீல மையில், நன்றாக வளைத்து வளைத்துப் போட்ட ஒரு கையெழுத்தும் இருந்தது.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இங்கே போட மாட்டேன். அதில் அப்பா பெயர் இருக்கிறது.